எலியேசர் அண்ணாச்சியின் சிவப்புக் கோட்டு ஐயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எலியேசர் அண்ணாச்சியின் தையல் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசல் கொடியில் தொங்கும் வெள்ளை அங்கிகளே அடையாளம். சுற்றுவட்டாரத்தில் பாதிரியார்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் அங்கி தைக்கிறவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரே ஒரு குறை. அவருடைய சபையில் வருஷாவருஷம் நடக்கும் அசன விருந்தில் முதல் இலை, சபை தொடங்கியபோது முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஆதிக் குடும்பத்துக்கு. அது இவர் வீடா, பொன்னுராஜ் வாத்தியார் வீடா என்று இரண்டு தலைமுறை இழுபறி. வாத்தியார் வீட்டில் பழைய வேதப்புத்தகம் ஒன்று இருந்ததால் இலை அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

1987இல் சபைக்கு நூறாண்டு. அதற்கு மலர் அச்சடித்த ராஜபாளையம் அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கப் பயந்ததற்கு மௌனம் என்று பெயர் வைத்து, அதைப் புதுக்கவிதையாக எழுதிவந்த காலம்.

அங்கே வந்த அண்ணாச்சி பொடி டப்பியைத் திறந்து ஒரு படத்தை எடுத்துவைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் தந்தத் தகட்டில் தீட்டிய வெள்ளைக்காரன். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை.

“எங்க பாட்டையாவுக்கு ஞானஸ்நானம் குடுத்த ஐயரு இவியதான் தம்பி. மலர்ல முழுப்பக்கம் போடணும்.”

பாதிரியாரை அவர்கள் ஐயர் என்பார்கள். படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் 1784 என்று வெட்டியிருந்தது. பாட்டையாவுக்குத் தண்ணீர் தெளித்தபோது ஐயருக்கு நூற்று முப்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். போதாததற்கு, சட்டையைப் பார்த்தாலே பட்டாளத்து அதிகாரி.

சொல்லியிருக்கலாம். “நல்லா இருக்கு” என்றேன்.

“கலர்ல வருமா?”

“கருப்பு வெள்ளைதான் அண்ணாச்சி. சிவப்பு கருப்பாத் தெரியும்.”

அவர் முகம் தெளிந்தது. “தோள்ல உள்ள சரிகை?”

உதவுகிற வேகத்தில் உளறிவிட்டேன். “மை வச்சு மறைச்சிரலாம்.”

அவர் என்னை அளவெடுப்பதுபோல் பார்த்தார்.

“அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருச்சு. முப்பது வருசமா அங்கி தைக்கேன், பட்டாளத்துக் கோட்டு எனக்குத் தெரியாதா? கூமாப்பட்டிப் பக்கம் பங்களாச் சாமான் ஏலத்துல எங்கப்பா வாங்குன மேசைக்குள்ள கெடந்தவரு. அப்பா ஐயருன்னாவ. நானும் மேல கேக்கல.” டப்பியை மூடினார். “நிமிந்து ஒரு ஆளைப் பாக்காத நீயே கண்டுபிடிச்சிட்டன்னா, வாத்தியாரு விட்டுருவாரா?”

என் அறிவுக்கு அதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அசனத்தன்று மலர்க் கட்டுகளோடு நானும் போயிருந்தேன். முதல் இலையில் வாத்தியார். இரண்டாவதில் அண்ணாச்சி. கையைப் பிடித்து இழுத்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“என்ன எலியேசர், ஒம்ம ஐயரு படத்தைக் காணுமே?” என்றார் வாத்தியார்.

“அவரு பட்டாளத்துக்காரராம் வே. இந்தத் தம்பிதான் கண்டுபிடிச்சான்.”

பந்தி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வெறும் இலையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

குழம்பு வாளி வாத்தியாரிடம் போகாமல் நேரே எங்களை நோக்கி வந்தது. அண்ணாச்சி தன் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தார்.

“வாத்தியாருக்கு ஊத்திட்டு வாரும்யா. மொத எலை அங்க.”