எதிர்வீட்டு நாயும் அதன் எஜமானரும்

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. மிஷினில் உட்கார்ந்தால் எதிர்வீட்டு கேட் நேராகத் தெரியும். அந்த வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் இரண்டு டிரெய்லர்களுக்குச் சொந்தக்காரர். அதுவும் போதாது என்று ஒரு ராட்வீலர் நாய் வாங்கினார்.

குட்டியாக இருந்தபோது அது என் கடைக்குள் ஓடிவந்து நூல்கண்டை உருட்டி விளையாடும். அவருக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னா இது, பூனையாட்டம் எல்லார் காலயும் நக்கிகினு கீது" என்று தூக்கிப் போய் கேட்டை ஒட்டி முழ நீளச் சங்கிலியில் கட்டினார். தெருவில் யாராவது போனால் செருப்பால் தரையைத் தட்டி அதை உசுப்பேற்றுவார். குரைத்தால் கோழிக்கறி, பேசாமல் இருந்தால் பட்டினி. நாய் வளர்ப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்தில் அவர் ஆசைப்பட்ட மிருகம் தயாராகிவிட்டது. பால்காரர் தெருமுனையிலேயே நின்று கூப்பிட ஆரம்பித்தார். இவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன்னைப் பார்த்து யாரும் பயப்படாத மனிதர், தனக்குப் பதிலாகப் பயமுறுத்த ஒரு வாயில்லா ஜீவனை வேலைக்கு வைத்திருந்தார்.

ஒரு நாள் காலை, அவர் மனைவிக்குத் தைத்த ஜாக்கெட்டுகளைப் பையில் போட்டுக் கொடுக்கப் போனேன். கேட் திறந்திருந்தது. அவர் ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் போனுமாக நாயை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நாய் என் மேல் பாய்ந்தது. அவர் கையிலிருந்து நழுவியது சங்கிலிதான், போன் இல்லை.

என் வலது முன்கை அதன் வாயில் இருந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவிதான் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து என்னை விடுவித்தாள். அவர் அப்போதும் கேட் ஓரமாகவே நின்றிருந்தார்.

"பைய வீசிகினு வந்தா அது இன்னாக்கா பண்ணும்? அது ஜாதியே அப்டி."

"அத்த ஏன் நைனா சொல்ற?" என்றேன், முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டே. "ஒண்ணுமே கத்துக் குடுக்காம வச்சுகினு கீறியே, உன்னச் சொல்லு."

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வெறிநாய்க்கடி ஊசி ஆரம்பித்தார்கள். ஆறு வாரம் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. கல்யாணத் துணிகளைத் தைக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு முறை ஆப்பிளோடு வந்தார். கால்மணி நேரம் உட்கார்ந்து அந்த நாயின் அப்பன் எந்தப் போட்டியில் ஜெயித்தது என்று சொல்லிவிட்டுப் போனார். என் கை எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

நானும் தெருப் பெண்கள் ஐந்து பேருமாகப் போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். லைசென்ஸ் எடுக்க வேண்டும், வெளியே வந்தால் வாய்மூடி போட வேண்டும், முறையாகப் பழக்க வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் தெருவில் நின்று கத்தினார்.

"பேஜாரா பூட்ச்சு. வள்ளூராண்ட இட்டுகினு போயி வுட்டுட்டா மேட்டரு ஓவரு."

"அங்க மனுசங்க இல்லயா?" என்றாள் அவர் மனைவி. தெருவில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "நீ வுடு. நான் பாத்துக்கறேன்."

ராயபுரத்திலிருந்து நாய் பழக்கும் பெண் ஒருத்தியை அவளே வரவழைத்தாள். முதல் நாள் அந்தப் பெண் அவரிடம் நாயை உட்கார வைக்கச் சொன்னாள். அவர் வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்தார். தெருவையே நடுங்க வைத்த நாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

"சார், இது வீரத்துல கடிக்கல. பயத்துல கடிக்குது" என்றாள் அந்தப் பெண். "மொதல்ல நீங்க கத்துக்கணும்."

அவர் இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் எண்ணூர் ரோட்டில் வண்டி மாட்டிக்கொண்டது என்று சாக்குச் சொன்னார். அவர் மனைவி ஒரு நாளும் தவறவில்லை. ஐந்து மாதம், காலையும் மாலையும். முழச் சங்கிலி போய் நீளமான வார் வந்தது. இப்போது டிரெய்லர் ஹாரன் அடித்தால் நாய் பாய்வதில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது.

என் கையில் வடு இருக்கிறது. நெடுநேரம் தைத்தால் இரண்டு விரல் மரத்துப் போகும். அந்த நாயைத் தடவிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவளும் என்னை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. என்னைக் கண்டால் வாரைக் குறுக்கிப் பிடித்து, நான் தாண்டும் வரை ஓரமாக நிற்பாள். அந்த மரியாதை எனக்குப் போதும்.

அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். போன வாரம் டீக்கடையில் யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். "டிரெய்னிங்லாம் நம்மளுதுதான் மாமு. ஒரு சவுண்டு வுட்டா உக்காந்துக்கும்."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி நாயோடு எதிர்ச்சாரியில் போனாள்.

"அதோ போவுது பாரு. உக்கார வையேன்" என்றார் டீ மாஸ்டர்.

எதிர்வீட்டுக்காரர் பன்னை டீயில் நனைத்துத் தின்பதில் மும்முரமானார்.