கத்திரி பட்ட கொடி

என் அம்மா தையற்காரி. பொறுமை என்பதெல்லாம் துணியோடு சரி. எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். பெரியம்மாவின் திராட்சைக் கொடி அதைத் தாண்டி எட்டிப் பார்த்தால் போதும், அம்மா கத்திரியோடு போய் ஒட்ட நறுக்கிவிடுவாள். “உன் கை விளங்காமப் போக” என்று பெரியம்மா கத்துவாள்.

வெட்டிய இடத்தில்தான் துளிர் விட்டுக் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பெரியம்மா பிள்ளை மாதிரி பொத்திப் பொத்தி வளர்த்த பக்கத்தில் வெறும் இலை. அவளோ ஸ்டூல் போட்டு ஏறி, “வேர் என்னோடது” என்று எங்கள் பக்கத்துப் பழத்தையும் பறித்துக்கொள்வாள்.

ஒன்பது வருடம் கழித்து, சட்டை தைக்க வந்த நர்சரிக்காரர் கொடியைப் பார்த்தார். “நல்லா கவாத்து பண்றீங்கம்மா. வெட்டி விட்டாத்தான் திராட்சை காய்க்கும்.”

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. இத்தனை வருடமும் பெரியம்மாவுக்கல்லவா உழைத்திருக்கிறாள். அதன்பின் கொடியைத் தொடவே இல்லை.

மறுவருடம் சுவர் முழுக்க இலை. பெயருக்கு ஒரு காய் இல்லை. பெரியம்மாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சுவருக்கு மேல் தலையை நீட்டி, “முன்ன மாதிரி கொஞ்சம் வெட்டி விடேன்” என்றாள்.

அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: “பிள்ளை மாதிரி வளர்த்தீங்க. அதுல போய் நான் கத்திரி வைப்பேனாக்கா?”