இரும்புக்கு வைத்த பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் என் மச்சான் ரூபனின் முதுகைப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரத்தில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில், கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம். அதை நடத்தியவர் ஒரு மேடம். நானும் என் மனைவியின் தம்பி ரூபனும் அங்கே துப்புரவு வேலை. திங்கட்கிழமை பூட்டு, அன்றுதான் தரை தேய்ப்போம். அந்தத் திங்கள் ஆயுத பூசை. ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவனுக்கு அந்தப் பழக்கம் விடுமா? வாக்குவம் மெஷினுக்கும் வாளிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மேசையில் ஒரு நீள இரும்பு கிடந்தது, மரப்பிடி, நுனியில் வளைத்துச் செய்த ஓர் எழுத்து. பக்கத்திலிருந்த பிரெஞ்சு அட்டை எனக்கு விளங்கவில்லை. யாரோ கொல்லனுடையது, பாவம், அதுவும் உழைத்த சாமான்தானே என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்து, தொழில் சிறக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

"அத்தான், அதைத் தொடாதேங்கோ. மேடம் கண்டா எங்கட வேலை போயிடும்" என்றான் ரூபன்.

அவ்வளவுதான் சொன்னான். நான் முன்கோபிதான், மறுக்கவில்லை, ஆனால் அன்று வந்தது என் கோபமே இல்லை. இரும்பைத் தூக்கினேன். நுனி சிவந்தது, நம்பினால் நம்புங்கள், பகல் இரண்டு மணி வெளிச்சத்தில் சிவந்தது. அவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தேன், குப்புற விழுந்தவனின் கழுத்தை மிதித்தேன், இரும்பை அவன் முதுகுப்புறத் தோளில் வைத்து அழுத்தினேன். இறைச்சி கருகும் மணம் வந்தது.

"ஐயோ அத்தான், விடுங்கோ! நான் ரூபன்!"

விடவில்லை. அழுத்தி, ஒரு திருப்புத் திருப்பித்தான் எடுத்தேன், பலமுறை செய்தவன் மாதிரி.

அவன் சத்தம் அடங்கிய பிறகுதான் என் கை எனக்குத் திரும்பி வந்தது. இரும்பு சில்லிட்டிருந்தது. அவன் சட்டையில் ஒரு கருகல் இல்லை. கழற்றிப் பார்த்தால் தோளில் அந்த எழுத்து, வெளிறித் தடித்த தழும்பாக. இது எப்போதோ ஆறிய காயம், முப்பது வருடமாவது இருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். ரூபனுக்கு அப்போது வயது இருபத்தாறு.

அடுத்த நாள் அந்த அட்டையை மேடத்திடம் வாசிக்கக் கேட்டேன். கரீபியன் தீவொன்றில், அடிமைகள் தங்கள் உடைமை என்று காட்ட எசமான்கள் சூடு வைத்த இரும்பாம். அதன் தொழில் சிறக்கத்தான் நான் கும்பிட்டிருக்கிறேன்.

"அது நீங்களில்லை அத்தான், எனக்குத் தெரியும்" என்று ரூபன் இன்றும் சொல்வான். ஆனால் எனக்கு முதுகு காட்டி மட்டும் உட்காரமாட்டான். எனக்கே என் கையைக் கண்டால் பயம். ஒன்றை அவனுக்கு நான் சொல்லவேயில்லை. அவனுக்குச் சூடு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வரிசையில் அடுத்தவன் எங்கே என்று நான் தேடினேன்.