கவ்வாத்துக் கத்திகளும் கடல் உப்பும்

பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஓர் இரும்புக்கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மண்வெட்டி, அலவாங்கு, ஆணி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி என்று தோட்டங்களுக்கு வேண்டிய எல்லாம் எங்களிடம் கிடைக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் புதுப் பெட்டி உடைக்கிறார்கள் என்றால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடுவேன். சீமையிலிருந்து வந்த பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று பார்ப்பதில் அப்படி ஒரு ஆசை.

அந்த வருஷம் அப்புத்தளைத் தோட்டம் ஒன்றின் பெரிய கங்காணி கவ்வாத்துக் கத்திகள் கேட்டிருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பெட்டி ரயிலில் பண்டாரவளைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. என் கணவர் பலகையை நெம்பித் திறந்தார். நானும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம்.

உள்ளே வைக்கோலுக்கு நடுவில் இருந்த கத்திகள் எல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன.

"போச்சு," என்று அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கவ்வாத்து ஆரம்பிக்கப் போவுது. கங்காணிக்கு என்னத்தைச் சொல்ல?"

"தேச்சுப் பாப்போங்க. உள்ள இரும்பு நல்லாத்தானே இருக்கும்," என்றேன்.

செங்கல் தூளைப் போட்டு மூன்று பேரும் தேய்த்தோம். கை சிவந்து போனது. ஆனால் கத்திகள் பளபளத்தன. தேங்காய் எண்ணெய் பூசி அடுக்கி வைத்தபோது எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது நாலைந்து நாள்தான் நிலைத்தது. எண்ணெய்க்கு அடியிலேயே செம்புள்ளிகள் முளைத்திருந்தன. அம்மை போட்ட முகம் மாதிரி.

கடையில் பழைய கத்திகள் எத்தனையோ மாதமாக எண்ணெய் பூசியபடி கிடக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் இல்லை. இவற்றுக்கு மட்டும் ஏன்? எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. பின்கட்டில் போட்டிருந்த அந்த வைக்கோலை எடுத்துப் பார்த்தேன். வெயிலில் கிடந்தும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருந்தது. என்ன தோன்றியதோ, ஒரு துரும்பை வாயில் வைத்தேன்.

"ஏங்க! உப்புக் கரிக்குது! ஓடி வாங்க, உப்பு!"

அவர் பதறிக்கொண்டு வந்தார். "பெட்டி வைக்கோலையா தின்னுறே?"

"தின்னு பாருங்க நீங்களும்!"

அவரும் ஒரு துரும்பைக் கடித்தார். முகம் மாறியது. "கடல் தண்ணி. கப்பல்லயே நனைஞ்சிருக்கு." பிறகு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாம துருவைத்தான் எடுத்திருக்கோம். உப்பு இரும்போடவே ஒட்டிக்கிட்டு இருக்கு. அது மேலதான் எண்ணெயைப் பூசியிருக்கோம்."

அன்றைக்கே பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தோம். எண்ணெயைச் சாம்பல் போட்டு எடுத்துவிட்டு, கத்திகளை வெந்நீரில் அலசி, தண்ணீரை மாற்றி, மறுபடி அலசினோம். நாத்தனார் ஒவ்வொரு அண்டாத் தண்ணீரையும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் கரிக்குது அண்ணி", "இப்ப கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சப்புன்னு இருக்கு!" என்று கத்தினாள். நெருப்பருகே ஈரம் போகக் காயவைத்தோம்.

எனக்கு அதோடு ஆசை அடங்கவில்லை. இரும்பை எது தின்கிறது, எது காப்பாற்றுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து ஒரு கைப்பிடி ஆணி அள்ளினேன். ஒன்றை உப்புத் தண்ணீரில், ஒன்றை மாட்டுக்கொட்டில் சாணத்தில், ஒன்றை எண்ணெய்ச் சாடியில், ஒன்றைப் பாதி மட்டும் தண்ணீரில் நிற்கும்படி செம்பில் போட்டேன். சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பிலும் ஒன்றைப் போட்டாள் நாத்தனார். வெல்லவாயப் பக்கம் போன வண்டிக்காரரிடம் ஒன்றும், அப்புத்தளைக்குப் போனவரிடம் ஒன்றும் கொடுத்து, வெளியில் கட்டித் தொங்கவிட்டு அடுத்த நடையில் கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

தினமும் காலையில் எழுந்ததும் ஆணிகளைப் பார்ப்பதுதான் முதல் வேலை. உப்புத் தண்ணீரும் சாணமும் ஆணியை அரித்துத் தள்ளின. எண்ணெய்ச் சாடி ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதி நனைந்த ஆணி, தண்ணீரும் காற்றும் சேரும் இடத்தில்தான் அதிகம் துருப்பிடித்தது. வெல்லவாய வெயிலில் தொங்கிய ஆணி கொஞ்சம் மங்கியதோடு சரி. அப்புத்தளைப் பனிமூட்டத்தில் தொங்கியதோ மழை படாமல் கூரைக்கு அடியில் கட்டியிருந்தும் சிவந்து போய் வந்தது. சுண்ணாம்புக்குள் கையை விட்டு எடுத்த ஆணியைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போட்டது போலவே பளிச்சென்று இருந்தது.

"தண்ணிக்குள்ளதானே கெடந்துச்சு? எப்படி அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"தெரியல தங்கச்சி. ஆனா எடு கத்தியை!"

கத்திகளைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி காயவைத்தோம். எண்ணெயில்தான் ஒரு சிக்கல். அப்புத்தளைக் குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து உதிர்ந்துவிடும். மாட்டுக் கொழுப்பு நல்லது என்றார்கள். எங்கள் வீட்டில் அதை வாசலுக்குக்கூடக் கொண்டுவர முடியாது. சந்தையில் தேன்மெழுகு கிடைத்தது. அதை விளக்கெண்ணெயோடு சேர்த்து உருக்கி, சூடாக இருக்கும்போதே துணியால் பூசினோம். கத்தி மேல் மெல்லிய தோல் போலப் படிந்தது.

கங்காணி வந்தபோது என் கணவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் ஒரு கத்தியை எடுத்து விரலால் கூர் பார்த்தார். "முதலாளி, கொண்டு போறேன். எங்க மலையில நிக்குதான்னு பாப்போம். நிக்கலைன்னா திருப்பிக் கொண்டாந்துருவேன்."

கவ்வாத்து பாதி நடக்கும்போது ஆள் வந்தது: கத்தியெல்லாம் கறுத்துப் போச்சாம். "நானும் வர்றேங்க," என்று பிடிவாதம் பிடித்து அவரோடு அப்புத்தளைக்குப் போனேன்.

மலைச்சரிவில் பனிமூட்டம் காலடியில் வந்து மோதியது. கங்காணி ஒரு கத்தியை நீட்டினார். மை பூசியது போல நீலக் கறுப்பு. முந்தானையால் அழுத்தித் தேய்த்தேன். துணியில் செம்மை ஒட்டவே இல்லை. கறுப்புக்கு அடியில் குழி இல்லை, புள்ளி இல்லை. கூர் அப்படியே இருந்தது.

"இது துரு இல்லீங்க கங்காணியாரே! தேயிலைச் சாறு இரும்புல பட்டுக் கறுத்திருக்கு!"

"அப்ப கெடுதலா, நல்லதா?"

"நீங்கதான் சொல்லணும். வெட்டுதா?"

அவர் பக்கத்துச் செடியில் கட்டைவிரல் தடிமன் கிளையை ஒரே இழுப்பில் சாய்த்தார். வெட்டு வாய் வழுவழுவென்று இருந்தது. "வெட்டுதும்மா," என்று சிரித்தார். "போன வருசத்துக் கத்தி இந்நேரம் செவந்து போயிருக்கும். அடுத்த கவ்வாத்துக்கும் உங்ககிட்டத்தான் வாங்குறேன். அந்த மெழுகும் கொஞ்சம் குடுங்க, அந்திக்கு வேலை முடிஞ்சதும் ஆளுங்களைப் பூசச் சொல்றேன்."

என் கணவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே, இந்த மலையிலிருந்து கீழே தேயிலை ஆலை வரைக்கும், ஓர் இரும்பு வடம் போனது. கொழுந்து மூட்டைகள் அதில் தொங்கிக்கொண்டு விர்ரென்று பனிமூட்டத்துக்குள் பாய்ந்து மறைந்தன.

"அது ராத்திரி பகலா நனைஞ்சுக்கிட்டே இருக்கே! அதை எப்படிக் காப்பாத்துறீங்க?" என்று கேட்டேன்.

"தாரு மாதிரி இருக்கிற கீலும் எண்ணெயும் கலந்து பூசுவாங்க. பாக்குறீங்களா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டேன். வடம் கட்டியிருந்த தூணருகே நின்று அதைத் தொட்டேன். பல கம்பிகளை முறுக்கிப் பின்னிய வடம். ஒவ்வொரு பின்னலுக்குள்ளும் கறுப்புக் கீல் நிறைந்திருந்தது. உள்ளங்கை, சேலை, கன்னம் எல்லாம் கறுப்பு. மூச்சு வாங்க மேலே வந்த என் கணவர் என்னைப் பார்த்துவிட்டு, "இனிமே உனக்கும் துருப் பிடிக்காது, வா," என்றார்.