மிஷின் அக்காவின் காது

மிஷின் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவள் வீட்டுக்காரரே மறந்திருப்பார். நாலு தெருவுக்கும் அவள் மிஷின் அக்காதான். அவளிடம் ஒரு வித்தை இருந்தது. யாருக்காவது மிஷின் மக்கர் செய்தால் போன் போடுவார்கள். "போனை மிஷின்கிட்ட வச்சு ஓட்டுங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு, பத்து எண்ணுகிற நேரம் கேட்பாள். "ஷட்டில்ல நூல் சிக்கியிருக்கு, நீங்களே எடுத்துடலாம்" என்பாள். இல்லையென்றால், "நிறுத்துங்க, காலை எடுங்க, இதோ வரேன்" என்பாள். அப்படி வரும்போது எந்தச் சாமான் வேண்டுமோ அது சரியாகப் பையில் இருக்கும். அவள் மூட்டுவலிக்காரி. மூன்று மாடி ஏறிப் பார்த்துவிட்டு, சாமானுக்காக மறுபடி இறங்கி ஏறுவதெல்லாம் அவளுக்குக் கட்டுப்படியாகாது.

அவளுடைய பழைய போன் முதுகு உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன். அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பிக்கு மானம் போகும். தம்பி அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். அம்மா போன பிறகு அக்காதான் அவனைக் குளிப்பாட்டி, படிக்க வைத்து, ஆளாக்கினாள். இப்போது ஒரு போன் கம்பெனியின் கடையில், நீலச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை தொங்க நிற்கிறான். கெட்டிக்காரன், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. காலேஜ் நாளில், "லைப்ரரியில இருக்கேன் அக்கா" என்று போனில் சொல்வான். பின்னால் கேரம் காய் அடிபடுகிற சத்தம் இவளுக்குக் கேட்கும். "ஸ்டிரைக்கரைக் கீழே வச்சுட்டு வீட்டுக்கு வாடா" என்பாள். அந்தக் காதுக்கு அவன் தப்பியதே இல்லை.

"இந்த ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடு அக்கா. எங்க கம்பெனி போன் ஒண்ணு தரேன். ரெண்டு வருஷம் எங்க லைன்லயே இருந்தா போதும், போன் சும்மா."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அக்காவும் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவன் கொடுக்கிற மாட்டுக்கு எதற்குப் பல் பரிசோதனை? பழைய போனைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும் என்றான். ரப்பர் பேண்டோடு கொடுத்துவிட்டு வந்தாள்.

புதுப் போன் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திறந்தாலே கம்பெனியின் நீலக் கிளி ஒன்று சிறகடித்து, "டிங் டிடிங் டிங்" என்று பாடியது. பாடி முடிக்கிற வரை போன் அசையாது. உள்ளே கம்பெனியின் கடை, கம்பெனியின் சினிமா, கம்பெனியின் விளையாட்டு என்று பதினொரு சமாசாரங்கள். ஒன்றையும் அழிக்க முடியாது. அழுத்திப் பிடித்தால் 'இதை நீக்க இயலாது' என்று மரியாதையாகச் சொல்லும். தினமும் காலையில், புதுப் பாட்டு வைத்துக்கொள்கிறாயா என்று கேட்கும். வேண்டாம் என்றால், நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லும்.

"குடிவந்த வீட்டுல வீட்டு ஓனர் பெட்டி படுக்கையோட நம்மகூடவே குடியிருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் வீட்டுக்காரரிடம். அவர் ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல்காரர்.

"கிளியாவது பாடுது. என் மேஸ்திரி திட்டத்தான் செய்றான்" என்றார் அவர்.

இந்த எரிச்சலையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது முதல் வாரமே ஆரம்பித்தது. மிஷின்கள் ஊமையாகிவிட்டன. பேசுகிறவர்களின் குரல் மட்டும் முத்து முத்தாக, முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. "இப்ப ஓட்டறேன் அக்கா" என்பார்கள். அதற்குப் பிறகு எங்கோ தூரத்தில் எறும்பு நடக்கிற மாதிரி ஏதோ ஒன்று. "இன்னும் கிட்ட வைங்க" என்பாள். "ஊசியே போன்ல குத்திடும் போல இருக்கு அக்கா, இதுக்கு மேல எப்படி?" என்பார்கள்.

குரல் இவ்வளவு நன்றாகக் கேட்கும்போது போனை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் தன் காதைச் சந்தேகப்பட்டாள். நேரில் ரிப்பேர் செய்யும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நேரில் விரல் மிஷின் மேல் இருக்கிறதே. விரல் சொன்னதைக் காது சொன்னதாக நினைத்துக்கொள்கிறோமோ என்று அதிலும் ஒரு பயம். தம்பியிடம் சொன்னாள்.

அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "வயசாகுதுல்ல அக்கா. தூரத்துச் சத்தம்தான் முதல்ல போகுமாம். காது டாக்டர்கிட்ட காட்டிடு" என்றான்.

அந்த வாரம்தான் பை தைக்கிற அம்மா கூப்பிட்டாள். பதினெட்டு வருஷ வாடிக்கை. ஒரே ஒரு மிஷின் வைத்துக்கொண்டு, கடைகளுக்குத் துணிப்பை தைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவள். "என்னமோ கரகரங்குது அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள இருநூறு பை கொடுக்கணும். ஓட்டலாமா, வேணாமா?"

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். எறும்புதான் நடந்தது. கரகரப்பு எதுவும் இல்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, முப்பது வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை. "ஒண்ணுமில்லை. எண்ணெய் விட்டு ஓட்டுங்க" என்றாள்.

சாயங்காலத்துக்குள் மிஷின் இறுகிப் போய், உள்ளே தண்டு முறிந்து, சக்கரம் தனியாகச் சுற்றியது. அக்கா விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அதைச் சரி செய்வதற்குப் புது மிஷினே வாங்கலாம். பை அம்மா கத்தவில்லை, சபிக்கவில்லை. பாதி தைத்த பைகளை மடித்து அடுக்கிக்கொண்டே, "நீங்க சொன்னீங்கன்னுதானே ஓட்டினேன்" என்றாள். அவ்வளவுதான். அக்காவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மூன்று மாடியையும் அழுதுகொண்டே இறங்கினாள். மறுநாளிலிருந்து போனில் பார்ப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவசரமென்றால் அடுத்த தெரு ரிப்பேர்காரரைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டார்கள்.

காது டாக்டர் அவளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, தலையில் ஒன்றை மாட்டி, கொசு முனகுகிற சத்தமெல்லாம் விட்டுப் பார்த்தார். வெளியே வந்ததும் சிரித்தார். "உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலம்மா. என் காதைவிட நல்லா இருக்கு."

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல சேதி சொல்லலாம் என்று தாழ்வாரத்தில் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"வேலை முடிஞ்சுதா? வீட்டுல இருக்கீங்களா?" என்றாள்.

"எந்த வீடு? கேன்டீன்ல நிக்கறேன். மாவு பிசையற மிஷின் ஓடுது, பின்னாடி தட்டு கழுவறாங்க. நான் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன், உனக்குக் கேட்கலையா?"

கேட்கவில்லை. காலி அறையில் ஒரு மனுஷன் நின்று பேசுவது போலத்தான் கேட்டது. நேரே தம்பியின் கடைக்குப் போனாள்.

"இந்தப் போன்ல சத்தத்தை யாருடா திங்கறது?"

தம்பி போனை வாங்கி நோண்டினான். உள்ளே, உள்ளுக்குள் உள்ளே, 'தெளிவுக் குரல்' என்று ஒன்று இருந்தது. எதிர்முனையிலிருந்து வருவதில் மனுஷக் குரலைத் தவிர வேறு எந்தச் சத்தத்தையும் துடைத்துவிடுமாம். பக்கத்தில் ஒரு பொத்தான், சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கீழே, 'இது உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது.'

"போனைத் தயாரிச்சவங்க இதை வைக்கல அக்கா. எங்க கம்பெனி மேல போட்டது. யாராலயும் அணைக்க முடியாது."

அவன் இதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைத் தைத்தது. "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தம்பி மேஜைக் கண்ணாடியைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது. "ரெண்டு மூணு பேர் வந்து சொன்னாங்க..."

"எப்போ?"

"நீ வாங்கறதுக்கு முந்தின மாசம்."

"அப்புறம் ஏன்டா என்னைக் காது டாக்டர்கிட்ட போகச் சொன்னே? இதால பை தைக்கிற அம்மாவோட மிஷினே போச்சேடா!"

"நீ திருப்பிக் கொடுத்தா அது என் பேர்ல விழும் அக்கா. இந்த மாசம் என்னை சீனியர் ஆக்கறதா இருந்தாங்க. கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா..."

மேஜை மேல் அவனுடைய போன் கிடந்தது. அவள் அதை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். தட்டுகள் மோதுவதும், தண்ணீர் கொட்டுவதும், மாவு மிஷின் முனகுவதும் காதுக்குள் வந்து விழுந்தன. மாவு மிஷினின் பெல்ட் தளர்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. "பெல்ட்டை இறுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"இதுல கிளியைக் காணோமே?"

"அது... நான் வெளியில வாங்கினது" என்றான் தம்பி.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? செவிடாகிவிட்டேனோ என்று அவள் தவித்த நாளெல்லாம் இவன் வாயைத் திறக்கவில்லையே! பழைய போனையாவது கொடு என்றாள். உடைத்து அனுப்பியாகிவிட்டது என்றான். அவள் கடையை விட்டு இறங்கினாள்.

தெருமுனையில் பழைய போன் விற்கிறவரிடம் ஒரு பொத்தான் போன் வாங்கினாள். கிளிப் போனிலிருந்த சிம்மை எடுத்து, சுற்றிலும் அட்டைத் துண்டு வைத்து, அவரே அதில் பொருத்திக் கொடுத்தார். முதலில் பை அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பஸ்ஸுக்காக நிற்கும்போது போன் அடித்தது. தம்பி.

"அக்கா, என் மேல கோபப்படாதே. நான் தப்புப் பண்ணிட்டேன். இப்ப மேனேஜர் ரூம்லதான் நிக்கறேன். உன் விஷயமா சண்டை போட்டுட்டு இருக்கேன். அந்தப் பை அம்மாவுக்கும் ஏதாவது கேட்டு வாங்கிடறேன். என்னை நம்பு."

அவளுக்குக் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் தூக்கி வளர்த்த பிள்ளை. "மேனேஜர் ரூமா?" என்றாள்.

"ஆமா அக்கா. சத்தியமா."

அவன் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு புதுப் போனைத் திறந்தார்கள். டிங் டிடிங் டிங். கிளி முழுதாகப் பாடி முடித்தது. அதற்குப் பிறகு ஒரு வயசாளியின் குரல், கொஞ்சம் தள்ளி: "இதுல எல்லாச் சத்தமும் நல்லாக் கேட்குமாப்பா?"

தம்பி கையால் போனைப் பொத்துகிற சத்தமும் கேட்டது.

"அக்கா? லைன்ல இருக்கியா அக்கா?"

"இருக்கேன்" என்றாள் அவள். "அந்தப் பெரியவருக்கு வேற போன் காட்டுடா." சொல்லிவிட்டு வைத்தாள்.