கிராணியம்மாவின் நடை

என் கொள்ளுப்பேத்தி கைப்பேசியில் ஏதோ நடிகையைப் பற்றிய கிசுகிசுவைப் படித்துச் சிரித்தாள். நான் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன்.

என் அம்மா நாடக நடிகை. ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், கப்பலேறி ஊர் திரும்ப வழியில்லாமல், ரந்தாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் மரவள்ளி நட்டுப் பிழைத்தாள். அவள் சிப்பாய்களோடு போகிறாள் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, கிராணியம்மா, கதை கட்டிவிட்டாள். அதைக் கேட்ட பிள்ளைகள் என்மேல் சாணி எறிந்தார்கள்.

அம்மா அழவில்லை. கோயில் திருவிழா நாடகத்தில் புறம்பேசும் பெண்ணாக வேஷம் கட்டினாள். கிராணியம்மாவைப் போலவே இடுப்பை ஆட்டி நடந்து, மூக்கால் பேசினாள். தொழிலாளர் குடியிருந்த லயமே சிரித்தது. மறுநாளிலிருந்து கிராணியம்மா எங்கே போனாலும் பிள்ளைகள் பின்னாலேயே இடுப்பை ஆட்டி நடந்தார்கள். முதல் ஆளாக நான் நடந்தேன்.

கடைசியில் கிராணியம்மா அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"புள்ளைங்கள நிறுத்தச் சொல்லு, தங்கச்சி."

"நாடகக்காரி பேச்ச யாருங்கம்மா கேப்பாங்க?" என்று சொல்லி அம்மா கதவைச் சாத்தினாள்.

இன்றுவரை எனக்குக் கிராணியம்மாமேல் இரக்கம் வரவில்லை.