பாதி செல், பாதி புரதம்

ஆய்வகத்தில் என் சித்திக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பதினொரு வருடமாகப் பிளாஸ்டிக் தட்டுகளில் செல் வளர்ப்பது அவள் வேலை. ஒரு தட்டில் எத்தனை செல் என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள்.

போன மாதம் ஆய்வகத் தலைவரான பெரிய டாக்டர் ஒரு கேள்வியை எடுத்தார். வைரஸ் நுழைந்ததும் செல் அதை எதிர்க்க ஒரு புரதம் செய்கிறது. அதற்காகத் தன் டிஎன்ஏவைப் புதிதாகப் படியெடுத்தாக வேண்டுமா? பாதித் தட்டுகளில் படியெடுப்பதை நிறுத்தும் மருந்தை ஊற்றினார்கள். இரண்டு நாள் கழித்து எல்லாத் தட்டுகளிலும் வைரஸை விட்டார்கள். மருந்துத் தட்டுகளில் புரதம் பாதிதான் வந்தது. புது டிஎன்ஏ கட்டாயம் தேவை என்று டாக்டர் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்.

சித்தி நோட்டோடு போய் நின்றாள்.

“சார், வைரஸ் விடுறதுக்கு முன்னாடியே எண்ணினேன். மருந்துத் தட்டுல செல்லே பாதிதான்.”

“மருந்து கொன்னுடுச்சோ?”

“சாகலை சார். டிஎன்ஏ படியெடுக்காம எப்படி ரெண்டாப் பிரியும்? போட்டது போட்டபடி இருக்கு. மத்த தட்டுல ரெண்டு மடங்காப் பெருகிடுச்சு. பாதி ஆளு பாதி வேலை செஞ்சா சோம்பேறின்னு சொல்லலாமா?”

“அறிக்கை முக்கால்வாசி முடிஞ்சுதேம்மா.”

“ஒரே ஒரு தடவை சார். மருந்துத் தட்டுல ரெண்டு மடங்கு செல் போட்டு ஆரம்பிக்கிறேன். அப்பவும் பாதிதான் வந்தா, நானே தட்டு கழுவுற அறைக்குப் போயிடுறேன்.”

பக்கத்து மேசைக்காரர், “அங்க ஏசி கிடையாதுங்க, யோசிச்சுப் பேசுங்க” என்றாராம்.

“வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கிட்டியேடி!” என்று அம்மா வீட்டில் திட்டினாள்.

“எண்ணுனது நான்க்கா” என்றாள் சித்தி. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, சாப்பிடவில்லை. நானாக இருந்தால் டாக்டரிடம் வாயே திறந்திருக்க மாட்டேன்.

டாக்டர் ஒப்புக்கொண்டு மறுபடி சோதனை நடந்தது. இந்த முறை வைரஸ் விடும் நேரத்தில் இரண்டு பக்கமும் செல் சமம். ஒவ்வொரு தட்டையும் மூன்று தடவை எண்ணியிருந்தாள். மறுநாள் அளந்தபோது புரதமும் ஏறக்குறைய சமம்.

டாக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ புதுசாப் படியெடுக்கவே வேண்டாமா?”

“இருக்கிற டிஎன்ஏவைப் பார்த்தே செஞ்சுக்குது சார். சமைக்கிறதுக்குச் சமையல் புத்தகத்தையே மறுபடி அச்சடிப்பாங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். எழுதியதை அவள் கண் முன்னாலேயே அழித்து, “முதல் அட்டவணையே உன் எண்ணிக்கைதான். நோட்டைப் பார்த்து வாசிம்மா, எழுதிக்கிறேன்” என்றார்.

சித்தி நோட்டைப் பிரித்தாள். “மெதுவாப் போடுங்க சார், அவசரப்பட்டா தப்பு வரும்.”